ரோக் (1980): மறைத்து வைத்த மூலநிரல் எப்படித் தப்பியது?

#1 — பழையடேப்

ரோக் ஆட்டத்தை ஜெயிப்பது எப்படி என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட, அந்த நிரல் நாற்பது வருஷத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் சுவாரசியம். அதைப் பேச ஓர் இழை.

தெரியாதவர்களுக்காக முதலில் ஆட்டம். 1980 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து ‘அட்வென்ச்சர்’ மாதிரியான குகை ஆட்டங்களில் புதிர்களை ஒருமுறை அவிழ்த்துவிட்டால் மறுபடி உள்ளே போக ஒன்றும் இருக்காது. எழுதியவருக்கோ முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். தாங்கள் எழுதியது தங்களுக்கே ஆச்சரியம் தர வேண்டும் என்பது இவர்கள் ஆசை. அதனால் நிலவறையை ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாகக் கட்டும்படி செய்தார்கள். 80 எழுத்து அகலம், 24 வரி உயரமுள்ள திரையை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாகப் பிரிப்பது, கட்டத்துக்கு ஓர் அறை வைப்பது, அறைகளை வழிகளால் இணைப்பது. இவ்வளவுதான் சூத்திரம். @ குறி நீங்கள். ஏ முதல் இசட் வரை பெரிய எழுத்தெல்லாம் அரக்கர்கள். 26-ஆம் தளத்தில் யெண்டோரின் தாயத்து கிடக்கும், அதை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே ஏறி வர வேண்டும். செத்தால் செத்ததுதான், பழைய சேவிலிருந்து மறுபடி தொடங்க முடியாது.

இதெல்லாம் திரையில் நினைத்த இடத்தில் எழுத்தை வைக்க முடிந்ததால்தான் சாத்தியம். அதற்குக் காரணம் பெர்க்லியில் கென் அர்னால்ட் எழுதிய கர்ஸஸ் நூலகம். ‘விஐ’ எடிட்டருக்காக பில் ஜாய் எழுதிய கர்சர் நகர்த்தும் நிரலிலிருந்து எடுத்து வளர்த்தது அது. திரையில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்பும். மெதுவான மோடத்தில் உட்கார்ந்து விளையாடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு டாய் பெர்க்லிக்குப் போய்ச் சேர, அர்னால்டும் ரோக்கில் கைவைத்தார். 1983-இல் பெர்க்லி வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளமான 4.2 பி.எஸ்.டி.யின் டேப்போடு ரோக்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போனது.

போனது பைனரி மட்டும், அதாவது கணினி ஓட்டக்கூடிய கோப்பு. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரல் போகவில்லை. விவாதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

#2 — நள்ளிரவுநிரலி

ஒரு சந்தேகம் அண்ணா. பி.எஸ்.டி. என்றாலே சோர்ஸ் கோடோடு வருவதுதானே பெருமை? இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் என்ன ரகசியம்?

#3 — பழையடேப்

ரோக்கின் மொத்தக் கவர்ச்சியும் மதிப்பெண் பட்டியலில் இருந்தது தம்பி. ஒரே மெஷினில் ஐம்பது பேர் கணக்கு வைத்திருப்பார்கள், முதல் பத்தில் யார் பெயர் என்று போட்டி. மூலநிரல் கையில் இருந்தால் எவனும் தன் கத்திக்கு ஆயிரம் பலம் வைத்துக் கம்பைல் செய்துகொள்வான். அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நிரலைப் படித்தால் ஏமாற்றுபவர்கள் மேல் அவர்களுக்கு இருந்த கடுப்பு வரிக்கு வரி தெரியும். சேவ் கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதற்கு இன்னொரு ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இரண்டாவது பெயர்) போட்டு வைத்திருந்தால் ஏற்க மாட்டேன் என்று சொல்லும். பழைய பதிப்புகளில் கோப்பின் ஐநோடு எண்ணையே (வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள அடையாள எண்) சோதித்து, ‘இது நீ சேவ் செய்த அதே கோப்பு இல்லை’ என்று கதவைச் சாத்தும்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். மாசாசூசெட்ஸில் லிங்கன்-சட்பரி என்ற உயர்நிலைப் பள்ளி. பிரையன் ஹார்வி என்ற ஆசிரியர் புண்ணியத்தில் அங்கே ஒரு பிடிபி-11/70 மெஷினும் யூனிக்ஸும் இருந்தன. ஜே ஃபென்லேசன் என்ற மாணவருக்கு ரோக் மேல் பைத்தியம். மூலநிரல் கேட்டார், கிடைக்கவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று 1982-இல் நண்பர்களோடு சேர்ந்து எழுதியதுதான் ‘ஹேக்’. அது யூனிக்ஸ் பயனர் சங்கமான யூசெனிக்ஸின் டேப்பில் ஊர் சுற்றி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆண்ட்ரியஸ் பிரவ்வர் அதைப் பெரிதாக வளர்த்து, 1984 டிசம்பரில் ஹேக் 1.0 என்று அந்தக் காலத்து விவாத வலையமைப்பான யூஸ்நெட்டில் போட்டார். 1987-இல் அதுவே நெட்ஹேக் ஆனது. இன்றைக்கும் நெட்ஹேக் மூலநிரலைத் திறந்தால் பல கோப்புகளின் தலையில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தின் பெயரும் 1985 என்ற வருஷமும் அப்படியே இருக்கும்.

அதே காலத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோனக்கி. ரோக்கில் மூழ்கியவர், ஆனால் அவர் வேலை செய்ய நேர்ந்த விஎம்எஸ் என்ற வேறு இயங்குதள மெஷினில் ரோக் ஓடாது. பாஸ்கல் மொழியில் அவர் எழுதியதுதான் ‘மோரியா’. அதிலிருந்து 1990-இல் வாரிக் பல்கலைக்கழகத்தில் ‘ஆங்பாண்ட்’. டயாப்ளோ என்ற கணினி ஆட்டத்தை உருவாக்கிய டேவிட் பிரெவிக், தன் ஆட்டத்தின் வேர் இந்த மோரியா–ஆங்பாண்ட் வரிசைதான் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

1983-இலேயே ரோக்கின் மூலநிரலும் டேப்பில் போயிருந்தால் ஆளாளுக்கு அதில் நாலு அரக்கரைச் சேர்த்துவிட்டு நிறுத்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கிடைக்காததால்தான் அடித்தளத்திலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வழியில் எழுதினார்கள், ஒரு ஆட்டம் ஒரு வகையாகவே ஆகிவிட்டது. திறந்த மூலநிரல் பக்தர்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள்.

#4 — கொக்குவிலான்

அண்ணை, நல்ல இழை. ஆனால் கதையை 1980-இல் தொடங்கினால் பிளேட்டோ ஆக்களுக்கு அநியாயம். இலினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் கற்பிக்கக் கட்டிய கணினி வலையமைப்பு அது. 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட செம்மஞ்சள் பிளாஸ்மா திரை, தொட்டால் வேலை செய்யும். எல்லாம் எழுபதுகளில். அங்கே 1975-இல் ரஸ்டி ரதர்ஃபோர்டு எழுதிய நிலவறை ஆட்டத்தின் பெயர் ‘பெடிட்5’. என்ன பெயர் இது என்று கேட்பீர்கள். சனத்தொகை, எரிசக்தி பற்றிய பாடக்குழுவுக்கு ஒதுக்கிய கோப்பிடங்களில் ஐந்தாவது அது. பாடம் எழுத வேண்டிய இடத்தில் மனிசன் பேய் பிசாசை விட்டுவிட்டார்!

நிர்வாகம் கண்டால் அழித்துவிடும். பிறகு யாரோ எடுத்து வைத்த பிரதியிலிருந்து திரும்பவும் ஏற்றுவார்கள். அதே வருடம் தெற்கு இலினாய் பல்கலைக்கழகத்தில் கேரி விசன்ஹன்ட், ரே வுட் இருவரும் ‘டிஎன்டி’ எழுதினார்கள். பல தளம், அடியில் கோளம், அதற்குக் காவலாய்ப் பொன் டிராகன். கடைசியில் ஒரு பெரிய எதிரியை வைக்கும் பழக்கம் அங்கேயே இருந்தது.

சைபர்1 என்று ஒரு தளம் இருக்கிறது. அந்தக் காலத்து சிடிசி சைபர் கணினியை எமுலேட்டரில் (பழைய கணினி போல நடிக்கும் நிரல்) ஓட்டி, அதன் மேல் பிளேட்டோவையே முழுதாக நடத்துகிறார்கள். கணக்குக் கேட்டு வாங்கினால் இப்பவும் பெடிட்5 விளையாடலாம். அழித்து அழித்துப் பார்த்த ஆட்டம் ஐம்பது வருடம் கழித்தும் ஓடுகிறது, நிர்வாகி எங்கே என்று தெரியவில்லை.

#5 — இரும்புத்திரை

முதல் யார் என்ற சண்டைக்குள் போனால் இந்த இழை உருப்படாது. 1978-இல் ஆப்பிள் 2-க்கு டான் வொர்த் எழுதிய ‘பினீத் ஆப்பிள் மேனர்’ ரோக்குக்கு முன்பே தளங்களைத் தற்செயலாகத்தான் உண்டாக்கியது. அவரை இவர்கள் பார்க்கவில்லை, இவர்களை அவர் பார்க்கவில்லை. விடுங்கள்.

ஆனால் கொக்குவிலான் சொன்னதில் ஒரு விஷயம் முக்கியம். பெடிட்5 பிழைத்தது பல்கலைக்கழகம் பாதுகாத்ததால் அல்ல, விளையாடியவன் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்ததால். ரோக்கும் அப்படியே. மேலே பழையடேப் ‘மறைத்தார்கள், அதனால் வளர்ந்தது’ என்று அழகாக முடித்துவிட்டார். மறைத்த நிரல் கசிந்தது என்ற பாதியை விட்டுவிட்டார். ஆரம்பப் பதிப்புகளின் மூலநிரல் எண்பதுகளிலேயே கை மாறிக்கொண்டுதான் இருந்தது. ‘சூப்பர் ரோக்’, ‘அட்வான்ஸ்டு ரோக்’ இவையெல்லாம் அந்தக் கசிவின் பிள்ளைகள். இன்று நம்மிடம் இருக்கும் பழைய பதிப்புகளில் பலவற்றுக்கு அந்த வகைப் பிரதிகளே ஆதாரம். சட்டப்படி நடந்திருந்தால் இப்போது பேச ஒன்றும் இருந்திருக்காது.

#6 — நள்ளிரவுநிரலி

நான் டெபியன் லினக்ஸில் ரோக் போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறேன். அப்போ அதுதான் டாயும் விக்மனும் எழுதினதா?

#7 — இரும்புத்திரை

இல்லை. நிறைய பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டெபியனில் ‘பிஎஸ்டிகேம்ஸ்-நான்ஃப்ரீ’ என்ற பொட்டலத்தில் வருவது டிமோத்தி ஸ்டோர் என்பவர் தனியாக எழுதிய நகல். அசல் நிரலின் ஒரு வரியும் அதில் கிடையாது, ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியது. பி.எஸ்.டி. குடும்பத்தில் அசல் பைனரி இருந்த இடத்தில் பின்னால் வந்து உட்கார்ந்ததும் இதுதான். ‘விற்காதே, லாபம் பார்க்காதே’ என்று அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், அதனாலேயே டெபியன் அதைச் சுதந்திர மென்பொருள் பகுதியில் சேர்க்கவில்லை.

அசலின் வாரிசு வேண்டுமென்றால் ஃபெடோரா லினக்ஸில் ‘ரோக்’ பொட்டலத்தைப் போடுங்கள். அது 5.4 வரிசை. டாய், அர்னால்ட், விக்மன் மூன்று பேர் பெயரும் தலையில் இருக்கும், உரிமமும் பி.எஸ்.டி. வகை, யாரும் எடுத்து மாற்றிப் பரப்பலாம். ஆக நகல் சுதந்திரமில்லாத பகுதியில், ஒருகாலத்தில் பூட்டி வைத்த அசல் சுதந்திரமாக. தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

#8 — வாக்ஸ்ரசிகை

நீங்கள் ‘அசலின் வாரிசு’ என்று எழுதினீர்கள் இரும்புத்திரை, அதை ‘அசல்’ என்று யாராவது சுருக்குவதற்குள் என் ஆட்சேபத்தைப் பதிவு செய்கிறேன்.

பழைய ரோக் எப்படி சேவ் செய்தது தெரியுமா? எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டெல்லாம் எழுதவில்லை. ‘வெர்ஷன்’ என்ற மாறி இருக்கும் முகவரியில் தொடங்கி, நிரலின் தரவு நினைவகம் எங்கே முடிகிறதோ அதுவரை மொத்தத்தையும் அள்ளி, குறியாக்கம் செய்து கோப்பில் கொட்டிவிடும். திரும்ப விளையாடும்போது அதே இடத்தில் அள்ளிப் போடும். ஓடிக்கொண்டிருந்த நிரலின் உடம்பையே பாடம் பண்ணி வைப்பது மாதிரி. சுட்டிகள் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) எல்லாம் அதே முகவரியைக் காட்டுவதால் எல்லாம் சரியாக வேலை செய்தது, அந்தக் காலத்து வாக்ஸ் கணினியில்.

இன்றைய லினக்ஸில் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முகவரிகள் கலைத்துப் போடப்படும். அந்த வித்தை அங்கே எடுபடாது. அதனால் இந்தப் பழைய ஆட்டங்களை மீட்டெடுக்கும் ரோக்லைக் ரெஸ்டொரேஷன் ப்ராஜெக்ட் ஆட்கள் சேவ் பகுதியையே புதிதாக எழுதினார்கள். ஒவ்வொரு அரக்கன், ஒவ்வொரு பொருள், யார் கையில் எது, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிப் படிக்கும் தனிக் கோப்பு, ஆயிரக்கணக்கான வரி. பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் 1983-இல் அந்த நிரல் இல்லை. அது சேவ் செய்யும் விதம் வேறு, அதில் ஏமாற்றும் விதமும் வேறு. ஏமாற்றுவதும் அந்த ஆட்டத்தின் கலாச்சாரத்தில் பாதி என்று பழையடேப்பே சொல்லிவிட்டார்.

எனக்கு அசல் என்றால் பைனரிதான். சிம்எச் எமுலேட்டரில் வாக்ஸை எழுப்பி, அதில் 4.3 பி.எஸ்.டி. ஏற்றி, ‘கேம்ஸ்’ கோப்பகத்தில் இருப்பதை அப்படியே ஓட்டுங்கள். ஒரு பைட்டும் மாறாதது.

#9 — பழையடேப்

மேடம், அந்த பைனரியை ஓட்ட நீங்கள் ஒரு வாக்ஸையே பொய்யாகச் செய்துகொள்கிறீர்கள், பரவாயில்லையா? வன்பொருள் போலி, மோடம் வேகம் போலி, பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்து ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று முறைக்கும் ஆராய்ச்சி மாணவரும் இல்லை. நிரலில் அவருக்காகவே ஒரு பகுதி உண்டு. மெஷினில் சுமை அதிகமாக இருந்தால் ரோக் உள்ளேயே விடாது. ‘மன்னிக்கவும், இப்போது சுமை அதிகம், பிறகு வாருங்கள், அதுவரை ஒரு பழம் சாப்பிடலாமே’ என்ற ரீதியில் பதில் வரும். பழத்தின் பெயர் நீங்கள் அமைப்பில் கொடுத்தது, கொடுக்காவிட்டால் ஸ்லைம் மோல்டு. விளையாடிக்கொண்டிருக்கும்போது சுமை ஏறினாலும் இத்தனை நிமிஷத்தில் கிளம்பு என்று விரட்டும். இதெல்லாம் கம்பைல் செய்யும்போது தேவையென்றால் சேர்த்துக்கொள்ளும் பகுதி. உங்கள் எமுலேட்டரில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள், சுமை ஏற?

மூலநிரலைப் படித்ததால்தான் எனக்கு அந்த மாணவர் இருந்ததே தெரிகிறது. பைனரி வைத்து விளையாடலாம், நிரல் வைத்தால் அந்தக் கணினி அறையே தெரியும். இரண்டும் வேண்டும், ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு நிரலுக்கு.

#10 — வாக்ஸ்ரசிகை

உங்கள் ஓட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4.3 டேப் நம் கைக்கு வந்தது மட்டும் எளிதாக நடந்ததா? பழைய பி.எஸ்.டி. முழுக்க யூனிக்ஸை முதலில் உருவாக்கிய ஏடி&டி நிறுவனத்தின் நிரல் கலந்திருந்தது, உரிமம் இல்லாமல் தொட முடியாது. டேப்புகளை வாரன் டூமியின் யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டி சேர்த்து வைத்தது. கர்க் மெக்யூசிக் பெர்க்லி குழுவின் பதிப்புகளை எல்லாம் குறுந்தகடாகவே கொண்டுவந்தார். 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸை பி.எஸ்.டி. வகை உரிமத்தில் விட்ட பிறகுதான் நாம் இதைப் பயமில்லாமல் இறக்கிக்கொள்ள முடிகிறது. ஒரு விளையாட்டைக் காப்பாற்ற முழு இயங்குதளத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் ரோக்கை நினைத்துச் செய்யவில்லை, ஆனாலும் ரோக் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

#11 — கொக்குவிலான்

ஐபிஎம் பிசி பதிப்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. டாய் இத்தாலியில் ஒலிவெட்டிக்கு வேலை செய்தபோது பழக்கமான ஜான் லேனும் அவரும் சேர்ந்து ஏ.ஐ. டிசைன் என்று நிறுவனம் தொடங்கினார்கள். அதை எபிக்ஸ் வாங்கி வெளியிட்டது. @ குறிக்குப் பதில் சிரித்த முகம். அந்த முகத்தோடுதான் எனக்கு ரோக் பழக்கம், கனபேருக்கு அப்படித்தான் இருக்கும். எபிக்ஸ் 1989-இல் திவாலாகிவிட்டது.

அதில் இருந்த களவுத் தடுப்பு வேலை உலகப் பிரசித்தம். பிரதி எடுத்த வட்டு என்று கண்டுபிடித்தால் ஆட்டம் நிற்காது. ஓடவிட்டு, அரக்கர்கள் அடிக்கிற அடியைப் பல மடங்காக்கிவிடும். செத்த பிறகு கல்லறைக் கல்லில் உங்கள் பெயர் வராது. ‘மென்பொருள் கொள்ளையன்’ என்றும், கொன்றது ‘பிரதித் தடுப்பு மாஃபியா’ என்றும் இருக்கும். எங்கட பக்கம் அப்ப கைக்குக் கை மாறின வட்டுகள்தானே, ஆட்டமே இவ்வளவு கஷ்டமாக்கும் என்று நினைத்துக்கொண்டு விளையாடினோம்.

#12 — இரும்புத்திரை

அதுதான் என் கட்சி. அந்தத் தடுப்பை உடைத்த பிரதிகள்தான் அதிகம் சுற்றின, அதிகம் பிழைத்தன. காசு கொடுத்து வாங்கிய நெகிழ்வட்டு பூஞ்சை பிடித்து எந்தப் பரணில் கிடக்கிறதோ.

இன்னொன்றையும் இந்த இழையில் சேர்க்க வேண்டும். கார்னகி மெலனில் 1981-இல் மைக்கேல் மால்டின், கை ஜேகப்சன், ஆண்ட்ரூ அப்பல், லெனார்ட் ஹேமி நால்வரும் ‘ரோக்-ஓ-மேட்டிக்’ என்று ஒரு நிரல் எழுத ஆரம்பித்தார்கள். அது ரோக்கைத் தானே விளையாடும். மூலநிரல் இல்லாமலே! டெர்மினலுக்குப் போகும் எழுத்துகளைக் குழாய் வழியாக வாங்கி, திரையில் என்ன இருக்கிறது என்று தானே கட்டிப் பார்த்து, மனிதன் அழுத்துகிற அதே விசைகளை அனுப்பும். ரோக் பதிப்பு மாறும்போதெல்லாம் இவர்களும் தங்கள் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தங்களைப் படித்தால் பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது என்று தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தவன் எழுதி வைத்த குறிப்பு அது, எழுதியவர்களின் நிரலுக்குச் சமமான ஆவணம். மால்டின் பின்னால் லைகாஸ் தேடுபொறியை உருவாக்கினார் என்பது உபரித் தகவல்.

#13 — நள்ளிரவுநிரலி

ஃபெடோரா பதிப்பு போட்டுவிட்டேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை, சீக்கிரம் சாகிறேன், அவ்வளவுதான். வாக்ஸ்ரசிகை அக்கா, சிம்எச் வழியையும் முயல ஆசை. அம்புக்குறி விசை வேலை செய்யுமா?

#14 — வாக்ஸ்ரசிகை

செய்யாது என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள் தம்பி. எச் இடது, ஜே கீழே, கே மேலே, எல் வலது. மூலைவாட்டில் போக ஒய், யூ, பி, என். ‘விஐ’ தெரிந்தால் முதல் நாலும் ஏற்கெனவே விரலில் இருக்கும். பில் ஜாய் விஐ எழுதிய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நாலு எழுத்துகள் மேல்தான் அச்சடித்திருந்தது, ரோக்கும் அதையே எடுத்துக்கொண்டது.

4.3-க்குள் நுழைந்ததும் டெர்மினல் வகையை விடி100 என்று வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கர்ஸஸ் திரையைக் குழப்பிவிடும். சாளரத்தை 80-க்கு 24-ஆகவே வையுங்கள். அப்புறம் ஒரு ஆட்டத்தை சேவ் செய்து, அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியிலிருந்து திறக்கப் பாருங்கள். ஃபெடோராவிலும் அதையே செய்யுங்கள். எது உள்ளே விடுகிறது, எது விரட்டுகிறது என்று இங்கே வந்து எழுதுங்கள், பழையடேப்புக்கு என் பதில் அதிலேயே இருக்கும்.